சத்தமில்லாமல் வந்த அலை

போன செவ்வாய்க்கிழமை, அம்பாறையிலிருந்து கல்முனைக்கு வரும் பஸ்ஸில் ஒரு பேய் ஏறியது.

டிக்கட் எடுத்து ஏறவில்லை. டிரைவருக்குப் பின்னால் மாட்டியிருந்த டிவியில் வந்தது. நல்ல மத்தியான வெயில். வெளியே வயலில் உழவு மெஷின் ஓடுகிறது. உள்ளே ஒரு பழைய பங்களா, ஒரு ஊஞ்சல், ஊஞ்சலில் யாருமில்லை, ஆனாலும் ஆடுகிறது... பஸ் முழுக்க மூச்சு விடாமல் பார்க்கிறோம்.

சம்மாந்துறைக்குக் கொஞ்சம் முன்னால் டயர் காற்றுப் போனது. டிரைவர் இயந்திரத்தை நிறுத்த, டிவியும் நின்றது.

"படத்தப் போடு தம்பி. முடிவு தெரியாம நான் ஊட்ட போக ஏலா" என்று கொண்டக்டரிடம் கெஞ்சினார் ஒரு உம்மா. அதுவரை பர்தா ஓரத்தால் கண்ணை மூடிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

இறங்கி மர நிழலில் நின்றோம். டயர் மாற்றும் நேரத்தில் சனம் வேறு என்னத்தைக் கதைக்கும்? படத்தைத்தான் கதைத்தது. எது பெரிய பயம் என்று பேச்சு வந்தது.

கொண்டக்டர் சொன்னார்: "சின்ன வயசில ஒரு படம் பார்த்தன். பொம்ம ஒண்டு தலையத் திருப்பிப் பார்க்கும். அதோட சரி. என்ட மகளுக்கு இண்டு வரைக்கும் பொம்ம வாங்கிக் குடுக்கல்ல. கரடிதான் வாங்கிற. கரடி ஒண்டும் செய்யாது."

"என்ன பேய், என்ன பொம்ம" என்றார் தொப்பி போட்ட ஒரு ஹாஜியார். "சண்டைக் காலத்துல செய்தி பார்த்திரிக்கியா? வாசிக்கிற புள்ள ஒரு தாள முடிச்சு அடுத்த தாள எடுக்கும். அந்த நேரம் நெஞ்சு அடிக்கும். அடுத்து எந்த ஊர்ட பேரு வருமோ எண்டு."

எல்லாரும் டயரைப் பார்த்தோம். பிறகு அந்த உம்மாதான் காப்பாற்றினார். ஒரு நாடகத்தில் மருமகள் பாலில் எதையோ கலந்து மாமிக்குக் கொடுத்தாளாம். "அண்டையில இருந்து என்ட மருமகள் தாற பால நான் குடிக்கிறல்ல. அவ தங்கமான புள்ள. ஆனாலும் குடிக்கிறல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "என்ட பயம் அரை நிமிசம் கூட ஓடாத ஒரு படம். அதுல சத்தமே இல்ல. பேயும் இல்ல. நான் அதப் பார்க்கக்கூட இல்ல. ஆனா அதுக்குப் பயந்து ஓடினன்."

"பார்க்காத படத்துக்கு எப்பிடி வாப்பா பயந்த?" என்றார் ஹாஜியார்.

நான் வாயைத் திறந்தேன். டிரைவர் ஹோர்ன் அடித்தார். டயர் சரி. ஏறினோம், பேயும் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. பேய் இருக்கும்போது என் கதையை யார் கேட்பார்கள்? ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிந்திய அந்த வருடங்களில் நான் டிஷ் அன்டெனா பூட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிட்டது. அதன் பிறகு ஒலுவிலில் ஐஸ் பெட்டி தூக்கினேன். இறக்காமத்தில் யானை வராமல் வயல் காத்தேன். கட்டாரில் கம்பி கட்டினேன். கட்டாரில் என் அறையில் இருந்த ஒரு மலையாளி டிஷ் பூட்டுவதை நாலைந்து தரம் பார்த்திருந்தேன். அதுதான் நான் படித்த தொழிற்கல்வி.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் மேலே நின்று டிஷ்ஷைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். இன்னொருவர் கீழே டிவியைப் பார்த்துக்கொண்டு, சிக்னல் வருகிறதா இல்லையா என்று கத்த வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க எனக்கு வசதி இல்லை. போகிற வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்தான் என் கண். அநேகமாக வீட்டுக்காரி.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சத்தத்துக்கான வயரை நான் கடைசியில்தான் குத்துவேன். சிக்னல் கிடைக்கும்வரை டிவி போடுகிற இரைச்சலில், கீழே நிற்பவர் சொல்வது மேலே கேட்காது. முதலில் படம். படம் சரியென்றால் இறங்கி வந்து சத்தம். நல்ல முறை என்றுதான் நினைத்திருந்தேன்... அந்த டிசம்பர் வரைக்கும்.

சலீம் காக்காவின் வீடு கடற்கரையிலிருந்து நாலாவது தெரு. உதவி நிறுவனம் ஒன்று கட்டிக் கொடுத்த சுனாமி வீடு. பிறகு மாடி கட்டிக்கொள்ளலாம் என்று கூரையாக மேலே கொங்கிறீற் பிளேட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சலீம் காக்கா தோணி செய்கிற ஓடாவி. செய்கிற என்று எழுதிவிட்டேன்... செய்த. அலை கொண்டுவந்த ஒரு மரம் முதுகில் அடித்து, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போயிருந்தது. ஜன்னலோரம் கட்டில். கட்டிலில் அவர். அவருக்குப் பொழுது போகட்டும் என்று மனைவி ஹாஜரா ராத்தாவின் சகோதரன் ஒரு டிவி வாங்கிக் கொடுத்திருந்தார்.

நான் சுவரில் துளை போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேரும் வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

"தம்பி இரிக்கிற. அவருக்கு முன்னால சொல்லு. தண்ணி வந்தா என்ன செய்வாய்?" என்றார் காக்கா.

"தேத்தண்ணி ஊத்துவன்."

"பகிடி உடாத. என்ன செய்வாய்?"

"உங்களத் தூக்கிட்டுப் போவன்."

"என்ன உன்னால தூக்க ஏலுமா? நாலு பேரு வேணும் என்னக் கட்டிலால இறக்க. புள்ளையத் தூக்கு. ஓடு. கிறுகிப் பார்க்காத."

"காலத்தால எழும்பினா இந்தக் கேள்விதான் தம்பி" என்றார் ராத்தா என்னிடம். "மத்த ஊட்டுல கறிக்கு உப்பு இல்ல எண்டு சண்ட புடிப்பாங்க. இஞ்ச இதுக்குத்தான் சண்ட."

எனக்குச் சிரிப்பு வந்தது. ராத்தா அடுப்படிக்குப் போனதும் காக்கா காரணத்தைச் சொன்னார். அதன் பிறகு வரவில்லை.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காக்கா வீட்டு வளவுக்குப் பின்னால் தோணிக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தாராம். ராத்தா மூத்த மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குக் கிட்டவே போய்விட்டார். வயிற்றிலும் பிள்ளை. அங்கே நின்று பார்த்தால் புருசனைக் காணவில்லை. திரும்பி வந்தார். மகன் கையில் இருந்தான். பிறகு கையில் இல்லை.

காக்கா இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"ராவைக்கு நித்திரை இல்ல மனே. கடல்ட சத்தத்தக் கேட்டுட்டுக் கிடக்கிற. எனக்குப் பயம் எண்டு நினையாத. என்ட கதை முடிஞ்ச கதை. தண்ணி வந்தா இவ கிறுகி வருவா. மறுகா இந்தப் புள்ளையும் போகும். அதுதான் பயம்."

இந்தப் பிள்ளை என்று அவர் சொன்னது, அன்றைக்கு வயிற்றில் இருந்த மகளை. இன்னும் மூன்று வயது ஆகவில்லை. வாசலில் குந்தியிருந்து என் ஸ்குரூ ஆணிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது.

நான் ஏணியில் ஏறினேன்.

மேலே நின்றால் கடல் நன்றாகத் தெரியும். தென்னைகள், மீன்வாடிகள், மணலில் வலை இழுக்கிறவர்கள். டிஷ்ஷைத் திருப்பத் தொடங்கினேன்.

"இரிக்கா ராத்தா?"

"இல்ல."

"இப்ப?"

"கோடு கோடா வருகுது."

"இப்ப?"

"ஓம், ஓம், படம் வந்திட்டு..."

நான் நட்டை இறுக்கினேன். "தெளிவா இரிக்கா?" பதில் இல்லை.

எட்டிப் பார்த்தால், ராத்தா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வளவுக்குள் ஓடுகிறார். காலில் செருப்பில்லை. தெரு வாசலில், கடப்படியில் ஒரு கணம் நின்றார். பிறகு தெருவுக்குள் பாய்ந்தார். "தண்ணி வருகுது... ஓடுங்க... தண்ணி வருகுது."

உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். டிசம்பர் மாதக் கடைசி வாரம். எந்தச் சேனலைத் திருப்பினாலும் நினைவு நாளுக்காக அதே அலையைத் திரும்பத் திரும்பக் காட்டுகிற வாரம். எனக்குச் சிக்னல் கிடைத்த அந்த நொடியில் திரையில் வந்தது அதுதான். தென்னை, மதில், கடைத்தெரு, அதற்குள் கறுப்பாகத் தண்ணீர். சத்தம் இருந்திருந்தால் ஒரு அறிவிப்பாளர் சோகமாக ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார், பின்னால் வயலின் வாசித்திருப்பார்கள். வயலின் கேட்டால் பழைய கதை என்று யாருக்கும் விளங்கும். சத்தம் என் சட்டைப் பையில் சுருட்டி வைத்த வயரில் இருந்தது.

ஒரு நிமிடத்தில் தெரு நிரம்பிவிட்டது. யாரும் எதையும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் "தண்ணி" என்று ஒருவர் கத்தினால், மற்றவர் "எங்க?" என்று கேட்பதில்லை. சோற்றுக் கையோடு ஓடினார்கள். பாதி சவரத்தோடு ஒருவர் ஓடினார்.

இப்போது நான் வெட்கப்படும் இடத்துக்கு வருகிறேன்.

அந்தத் தெருவிலேயே கடலைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்ற ஒரே ஆள் நான்தான். பார்த்தேன். கடல் பாய் விரித்தது போலக் கிடந்தது. ஒரு தோணி மெதுவாக வந்துகொண்டிருந்தது. வலை இழுக்கிறவர்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுமில்லை என்று என் கண் சொன்னது.

நான் ஏணியில் இறங்கி ஓடினேன்.

ஏன்? அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஊரில் இருந்தேன். கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தேன். அன்றைக்கும் அலை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வரை கடல் இப்படித்தான் இருந்தது. காலையில் எங்கள் வீட்டில் ஏழு பேர், பின்னேரம் நாலு பேர். அதற்குப் பிறகு கண் என்ன சொன்னாலும் கால் கேட்பதில்லை.

ஏணி சாத்தியிருந்தது காக்காவின் ஜன்னலுக்குப் பக்கத்தில். இறங்கும்போது அவர் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நாலு பேர் வேண்டும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் ஒருவன். ஓடுவதற்கு நல்ல சாட்டு. ஓடினேன்.

மெயின் ரோட்டைத் தாண்டி வயல் வரம்பில்தான் எல்லாரும் நின்றார்கள். மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் ஒருவர் பேசினார். கடற்கரையில் வலை இழுக்கிறவர்களோடு போனில் கதைத்தாராம். கடல் வருகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாதாம். எல்லாரும் அமைதியாக வீட்டுக்குப் போங்கள் என்றார்.

பிறகு விசாரணை தொடங்கியது. யார் சொன்னது? அவர் சொன்னார். அவருக்கு யார் சொன்னது? இப்படியே போய் ராத்தாவிடம் நின்றது.

"டிவில கண்டன்" என்றார் ராத்தா. மகளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எந்த டிவில?"

"இந்தத் தம்பி இப்பதான் பூட்டின டிவில."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பாதி சவரம் செய்தவர் கேட்டார்: "நீ பிளேட்டுக்கு மேலதானே நிண்டாய்?"

"ஓம்."

"கடல் தெரியுமே?"

"தெரிஞ்சது."

"எப்பிடி இரிந்திச்சு?"

"சும்மாதான் இரிந்திச்சு."

"அப்ப நீ என்னத்துக்குடா ஓடின?"

நாலு அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. ஒரு கிழவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு எல்லாரும். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பில்லை, கண்ணால் தண்ணீர் வடிய, வரம்பில் குந்தியிருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரித்துக்கொண்டே ஒவ்வொருவரும் தங்கள் வீட்டாட்களை எண்ணினார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பேரெல்லாம் "இஞ்ச இரிக்கன்" என்றது.

ஒரு தெருவே ஓடியது. ஒரு தெருவே திரும்பி வந்தது. ஒருவரும் குறையவில்லை. அப்படி ஒரு நாளுக்காக நாங்கள் மூன்று வருடமாகக் காத்திருந்தோம் என்பது எனக்கு அந்த வரம்பில்தான் விளங்கியது.

ராத்தா மட்டும் சிரிக்கவில்லை.

நான்தான் முதலில் காக்காவின் வீட்டுக்குத் திரும்பினேன். நல்ல மனசு என்று எண்ண வேண்டாம். என் ட்ரில் மெஷின் அங்கே கிடந்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். டிவியில் சத்தமில்லாமல் ஒரு சோப்பு விளம்பரம் ஓடியது.

"என்ன மனே, கடல் எப்பிடி?" என்றார் காக்கா.

"சும்மா இரிக்கி காக்கா. அது பழைய படம்."

"தெரியும்."

"தெரியுமா?"

"கீழ எழுத்து ஓடிச்சு. நினைவு நாள் எண்டு. அவ வாசலத் தாண்ட முன்னமே வாசிச்சிட்டன்."

"அப்ப ஏன் கூப்பிடல்ல? ஊரே ஓடிச்சே காக்கா."

"கூப்பிட வாய் எடுத்தன். அதுக்குள்ள அவ புள்ளையத் தூக்கிட்டா." அவர் ஜன்னலைக் காட்டினார். ஜன்னலுக்கு நேரே கடப்படி. "கடப்பில ஒருக்கா நிண்டா, கண்டியா? இஞ்சால பார்த்தா. எனக்கு மூச்சு நிண்டிட்டு. மறுகா டிவில என்ன ஓடினதெண்டு எனக்குத் தெரியா மனே. நான் கடப்பத்தான் பார்த்துட்டுக் கிடந்தன். வந்திருவாளோ, வந்திருவாளோ எண்டு... வரல்ல. போயிட்டா."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னார். இரண்டு தரம்.

ராத்தா வந்து கடப்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. மகள் இடுப்பில் இருந்தபடி "வாப்பா" என்று கை நீட்டுகிறது. தாய் நகரவில்லை.

"உள்ளுக்கு வாகா" என்றார் காக்கா.

"நான் எந்த முகத்தோட வாற? உங்கள விட்டுட்டுத்தானே போன."

"நான் சொன்னதத்தானே செஞ்ச."

"சொன்னா? சொன்னாப்புல விட்டுட்டுப் போயிர்றதா?"

எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. வயரைச் சுற்றுகிற மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தேன். காக்கா எழுத்து ஓடியதை ராத்தாவிடம் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. பழைய படம் என்று தெரிந்தும் கூப்பிடாமல் கிடந்ததையும் அவரிடமே சொல்லிவிட்டார்.

ராத்தா உள்ளே வந்தார். மகளைக் கொண்டுபோய் அவர் நெஞ்சில் இருத்தினார். அடுப்படிக்குப் போனார். அதன் பிறகு அங்கே சட்டி பானைகள் விழுந்த சத்தம் இருக்கிறதே... சத்தம் வேண்டும் என்று நான் வயர் குத்தத் தேவையே இல்லை. காக்கா மகளின் தலையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாலாம் நாள் போய்த்தான் மிச்ச வேலையை முடித்தேன். ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"கதைச்சாச்சா?" என்று கேட்டேன்.

"மூணு நாள் கதைக்கல்ல. அதுக்கு மேல கதைக்காம இரிக்க ஏலாமப் பெயித்து." தலையால் உள்ளே காட்டினார். அறைக்குள்ளிருந்து குறட்டை கேட்டது. "வருசக்கணக்கா முழிச்சிட்டுக் கிடந்த மனிசன், அண்டையிலிருந்து இந்தத் தூக்கம். காலத்தால அந்தக் கேள்வியும் கேட்கிறல்ல. இப்ப எனக்குத்தான் நித்திரை இல்ல, இவர்ட குறட்டையில."

பயத்தைப் பற்றி நாங்கள் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்கிறோம். எது பெரிய பயம்? அந்தப் பயம் போகும்போது எதை விட்டுவிட்டுப் போனது என்று கேட்பதில்லை. கொண்டக்டருக்கு ஒரு கரடியை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சலீம் காக்காவுக்கு நித்திரையை. அவர் மவுத்தாகிச் சில வருடம் ஆகிறது. கட்டிலில்தான், நல்ல உறக்கத்தில் என்று கேள்விப்பட்டேன். மகள் படித்து முடித்து வேலைக்குப் போகிறாள்.

ராத்தாவை எப்போதாவது சந்தையில் காண்பேன். கண்டால் அந்த நாளைத்தான் கதைப்போம். போன முறை மீன் கூடையோடு நின்று சொன்னார்: "பொஞ்சாதி விட்டுட்டு ஓடினத்துக்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன மனிசன நீ எங்கயாவது கண்டிரிக்கியா தம்பி?"

இல்லை என்றேன். உண்மைதான்.

அன்று அந்தக் கட்டிலைத் தாண்டி ஓடியவர்கள் இரண்டு பேர். நான் ஓடியதற்கு இன்றுவரை யாரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லவில்லை.